ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்

25 பிப்ரவரி 1998, புதன்

சாம்பல் புதன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போதகர் ஜெபசிங் ஒரு கடிதத்தை என் கையில் திணித்தார்.

"யம்மா, கோர்ட்டுல இங்கிலீஷும் தமிழும் மாத்தி மாத்தி எழுதுன கை உங்க கை. இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுத்துருங்க."

ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆயிற்று. இந்த ஊருக்கு நான் இன்னும் பெஞ்ச் கிளார்க் தங்கபாய்தான். செத்தாலும் கல்லறையில் அப்படித்தான் வெட்டுவார்கள்.

கடிதம் இங்கிலாந்திலிருந்து. எடித் ஹாலம் என்ற பெண்மணி, வயது எழுபது. அண்ணன் டெனிஸ் போர் விமானம் ஓட்டியவன், இருபத்தோரு வயது. 1942 ஏப்ரல் ஏழாம் தேதி, ஒற்றை ஆள் உட்காரும் சண்டை விமானத்தில் இலங்கைக்குப் போகும்போது எங்கள் ஊர் ஆலந்தேரிச் செம்மணலில் விழுந்திருக்கிறான். உடலைப் பிறகு சென்னைக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த காகிதத்தில் 'விழுந்தவுடன் மரணம்' என்று ஒரே வரி. அம்மா சாகும்வரை அதை நம்பவில்லையாம்.

'பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. நானே வாசிக்க முடியும் காலத்தில் பதில் வந்தால் நல்லது. ஆறுதல் வேண்டாம். நடந்தது வேண்டும்.'

அந்தக் காலத்தில் ஊரில் விழுந்த சாவை மேலே எழுதி அனுப்புவது முன்சீப் வேலை. அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா, கிராம முன்சீப் ஞானாபரணம். ஆக, பதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒப்புக்கு நாலு பேரைக் கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடலாம்.

எனக்கு அப்போது ஆறு வயது. அன்று நான் காய்ச்சலாகக் கிடந்தேன் என்று அம்மா சொல்லுவாள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

27 பிப்ரவரி, வெள்ளி

லெந்து நோன்புக் காலத்தில் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்குவது அம்மா வைத்த வழக்கம். இடுப்பு ஒடிந்தது. கழுத்தில் நெளிசல் விழுந்த பித்தளைச் செம்பையும் துலக்கினேன். அப்பா ஏனோ அதில் தண்ணீர் குடிக்கவே மாட்டார். வேறு செம்பு கேட்பார்.

அப்பாவின் கூத்து இன்னொன்றும் உண்டு. ஊரே நாற்பது நாள் ஒடுங்கி இருந்து, ஈஸ்டர் முடிந்ததும் ஆட்டுக்கறிக்கு அலையும். இவர் அடுத்த செவ்வாய்க்கிழமை அன்று சொட்டுத் தண்ணீர் வாயில் படாமல் இருப்பார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. "எல்லாரும் விரதம் முடிக்கிற நேரத்துல உங்களுக்கு ஆரம்பிக்குதா?" என்று நான் கேலி செய்வேன். சிரிக்கவும் மாட்டார், வையவும் மாட்டார்.

இரவு தம்பி எட்வின் மதுரையிலிருந்து போன் பண்ணினான். இது அப்பாவுக்கு நூறாவது வருஷம். ஈஸ்டர் முடிந்து சபை மண்டபத்தில் அப்பா படம் திறக்க ஏற்பாடு செய்கிறான். படத்துக்கு எந்தச் சட்டம் போடுவது என்று அரை மணி நேரம் பேசினான். தம்பிக்கு எப்போதும் சட்டம்தான் முக்கியம், படம் அப்புறம்.

1 மார்ச், ஞாயிறு

முதல் சாட்சி, மாசிலாமணி. பழைய பட்டாளத்துக்காரர், எழுபத்தைந்து வயது, மீசைக்கு இன்னும் மை.

"ஜப்பான் விமானம்தாம்மா அது! நான் கண்ணால பாத்தவன். றெக்க முக்கால்வாசி மணலுக்குள்ள, வெளிய தெரிஞ்சதுல செக்கச் செவேல்னு வட்டம். அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் கொழும்புல குண்டு போட்டான். கடற்கரை ஊரெல்லாம் பெண்டு பிள்ளையள வண்டியேத்தி மேற்க அனுப்பிட்டு இருந்தாவ. சர்க்காரு நோட்டீசே ஒட்டியிருந்துச்சு, செவப்பு வட்டம் போட்ட விமானம் விழுந்தா கிட்டப் போவக்கூடாது, அவன் துப்பாக்கி வச்சிருப்பான், முன்சீப்புக்குத் தாக்கல் சொல்லணும்னு."

"ஓட்டினவன் இங்கிலீஷ்காரன்னு கடிதம் வந்திருக்கே?"

"அவுக ஆயிரம் எழுதுவாக. நான் பாத்தது வட்டம்."

ஓட்டியவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன். கிட்டப் போகவில்லை என்றார். செத்திருந்தானா என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு, காப்பி ஆறுகிறது என்றார். குறுக்கு விசாரணையில் சாட்சி தண்ணீர் கேட்கும் இடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவள்.

4 மார்ச், புதன்

சர்க்கரை கூடியிருக்கிறது. டாக்டரம்மா தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். மாட்டுக்குக்கூட அவ்வளவு வேண்டாம்.

7 மார்ச், சனி

பாக்கியத்தாய் மதினி வீட்டுக்குப் போனேன். எண்பது வயதில் ஒன்றை மூன்றாக்கிச் சொல்வதில் அவளை அடிக்க ஆளில்லை. விமானம் மூன்று நாள் எரிந்ததாம், உள்ளே இரண்டு பேராம், ஒருத்தி வெள்ளைக்காரியாம். நான் எழுதுகோலை மூடிவிட்டேன்.

கிளம்பும்போது கோழிக்கூட்டைப் பார்த்தேன். கதவு தகரம் இல்லை. லேசாக இருந்தது, துருவும் இல்லை.

"இது ஏது மதினி?"

"அதா? அந்த ஏரோப்ளேன் றெக்கதான். பட்டாளம் வந்து அள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி எங்க மாமனாரு ஒரு துண்ட மணலுக்குள்ள பொதைச்சிட்டாவ. அம்பது வருசமாக் கோழி மேயுது."

சுண்ணாம்பும் கோழி எச்சமும் அரை அங்குலம் ஏறியிருந்தது. தேங்காய் நாரும் தண்ணீரும் வாங்கித் தேய்த்தேன். மதினி தலையில் அடித்துக்கொண்டாள். முதலில் சிவப்பு வந்தது. மாசிலாமணியின் வட்டம்! இன்னும் ஒரு சாண் தள்ளித் தேய்த்தேன். சிவப்பைச் சுற்றி வெள்ளை. வெள்ளையைச் சுற்றி நீலம். வெள்ளைக்காரன் விமானத்துக்குப் போட்ட வட்டம் அது. நடுப்பொட்டு மட்டும்தான் சிவப்பு.

றெக்கை முக்கால்வாசி மணலில் புதைந்து கிடந்ததாக மாசிலாமணி சொன்னார். மிச்சம் தெரிந்தது பொட்டு மட்டும் என்றால், ஊர் யாரைக் கண்டு பயந்து ஒதுங்கி நின்றிருக்கும்?

விழுந்தவுடன் செத்திருந்தால் யாரைக் கண்டு பயந்தாலும் ஒன்றுதான். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

13 மார்ச், வெள்ளி

இஸ்ரவேல் அண்ணாச்சியைத் தேடி மூன்று கிலோமீட்டர் மணலில் நடந்தேன். அப்போது பதினெட்டு வயதுப் பனையேறி. விமானம் விழுந்தபோது பனை உச்சியில் இருந்தார் என்று ஊரே சொல்கிறது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். கண் தெளிவு, காது தெளிவு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், முன்சீப் மகள் என்று.

கடிதத்தைத் தமிழில் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"உங்க அப்பா என்ன எழுதியிருக்காவளோ அதான்."

"அண்ணாச்சி, நீங்க பாத்தத..."

"ஐயா ஏங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவம்மா. வேதப் புத்தகத்துல கை வச்சு. வீட்டுக்குப் போங்க. வெயிலு ஏறுது."

கதவைச் சாத்திக்கொண்டார். என் மூஞ்சிக்கு நேரே! கோர்ட்டாக இருந்தால் சம்மன் அனுப்பியிருப்பேன்.

14 மார்ச், சனி

செத்தவன் விழுந்தவுடன் செத்தான் என்பதற்கு எதற்குச் சத்தியம்?

22 மார்ச், ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. இஸ்ரவேல் அண்ணாச்சி வீட்டுக்கே மறுபடியும் போனேன். இந்தத் தடவை கடிதத்தைப் படிக்கவில்லை. 'ஆறுதல் வேண்டாம், நடந்தது வேண்டும்' என்ற வரியை மட்டும் சொன்னேன். அந்தத் தங்கச்சிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். அப்பா செத்துப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று, சத்தியத்தை மீறினாயே என்று கேட்க இனி யாரும் வரப்போவதில்லை என்றேன்.

திண்ணையில் ஒரு பாயை விரித்துப் போட்டார். பிறகு சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"ஒன்பது மணி இருக்கும். நான் பனை மேல இருக்கேன். என் தலை மட்டத்துக்கு வந்துட்டு விமானம். உள்ள இருக்கவன் தலை தெரியுது. சத்தமே இல்ல, எஞ்சின் நின்னுட்டு போல. மணல்ல வயித்தத் தேச்சு, ஒரு றெக்க பிஞ்சு, கவுந்து விழுந்துச்சு. அவன் வெளிய தெறிச்சுக் கெடந்தான். காலு ரெண்டும் வேற மாதிரி மடங்கியிருந்துச்சு. மூஞ்சியெல்லாம் எண்ணையும் செம்மண்ணும். வெள்ளையா கருப்பானு சொல்ல முடியாது.

"ஊரு ஓடி வந்துச்சு. ஐயாவும் வந்துட்டாவ. றெக்கையில செவப்பப் பாத்ததும் கைய விரிச்சு எல்லாரையும் நிப்பாட்டிட்டாவ. 'ஜப்பான்காரன்டா! ஒருத்தன் நூறடிக்குள்ள போவக்கூடாது.' என்னப் பாத்து, 'எல, எறங்காத. மேலயே இருந்து அவன் என்ன செய்யுதான்னு சொல்லு'ன்னாவ. டவுனுக்குப் போலீஸுக்கு ஆள் போச்சு."

"அவன் உயிரோட இருந்தானா?"

"உயிரோடயா? ரெண்டு மணி வரைக்கும் இருந்தாம்மா."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கை தன் போக்கில் எழுதியது. அது வேலையில் பழகிய கை.

"அப்பப்ப ஐயா கீழ இருந்து கேப்பாவ, 'என்னல பண்ணுதான்?' நான் சொல்லுவேன், 'கைய வாயிக்குக் கொண்டு போறான் ஐயா.' மறுக்கா கேப்பாவ. 'அதேதான் ஐயா, கைய வாயிக்குக் கொண்டு போறான்.' பங்குனி வெயிலு. மணலு கால வச்சாப் பொத்துப் போவும். என் இடுப்புக் குடுவை நெறயப் பதநீரு இருக்கு. எறங்கி ஓடுனா நூறடி. ஐயா சொல்ல மீறி எப்படிப் போவேன்? ஐயாவும் கெட்டவரு இல்ல. அவன் குண்டு கிண்டு வச்சிருந்து ஊராள் ஒருத்தன் செத்துட்டா யாரு பதில் சொல்லுவா? அவுக பயந்தது எங்களுக்காவ."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உச்சி வேளையில ஒரு பிள்ள வந்துச்சு. பச்சப் பாவாட. வீட்டுல இருந்து ஐயாவுக்குத் தண்ணி கொண்டு வந்திருந்துச்சு, செம்புல. ஐயா வாங்கி மடமடன்னு குடிச்சாவ. மேல இருந்து எனக்கு ரெண்டு பக்கமும் தெரியுது. அவன் தலையத் தூக்கி அதப் பாத்துக்கிட்டே இருந்தான். ஐயாவும் செம்ப எறக்கும்போது அவனப் பாத்துட்டாவ. செம்பு கை நழுவிக் கல்லுல விழுந்துட்டு."

யார் வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அதுக்கு அப்புறம் ஐயா கேக்கவே இல்ல. நானாத்தான் சொன்னேன். 'ஐயா, அவன் அழுவுதான் ஐயா.' ஜப்பான்காரனோ எவனோ, அழுதான். ஐயா கம்பக் கீழ போட்டுட்டு ஒத்தையாப் போனாவ. அவன் கழுத்துல பேரு வெட்டின ஒரு வட்ட வில்லை கெடந்துச்சு. அத எடுத்து வாசிச்சாவ. ஐயாவுக்குத்தான் இங்கிலீஷ் எழுத்து தெரியுமே. அப்படியே மணல்ல உக்காந்துட்டாவ. 'இஸ்ரவேலு, எறங்குல! எறங்குல!'ன்னு அவுக கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு.

"எறங்கி ஓடுனேன். ஐயா அவன் தலைய மடியில வச்சிருந்தாவ. பனையோலப் பட்டையில பதநீர் ஊத்தி நான் வாயில வச்சேன். ரெண்டு மிடறு எறங்குச்சு. என்னப் பாத்தான். மூணாவது வெளிய வந்துட்டு."

ஐம்பத்தாறு வருஷம் கழித்து அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். "முன்னாடியே எறங்கியிருக்கலாமே, எறங்கியிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் வந்து என்னை முறைத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

23 மார்ச், திங்கள்

அடுப்பு பற்றவைக்கவில்லை.

24 மார்ச், செவ்வாய்

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை.

பச்சைப் பாவாடை கிறிஸ்துமஸுக்குத் தைத்தது. மணல் சுட்டது. நிழல் விட்டு நிழல் ஓடினேன், தண்ணீர் தளும்பிப் பாவாடை நனைந்தது. அப்பா குடிக்கும்போது தாடையிலிருந்து ஒழுகியது. அவருக்கு அப்பால், தரையில், ஒரு சிவப்பு முகம் தலையைத் தூக்கியது. எனக்கு அது மனிதன் என்றே தோன்றவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். செம்பு நெளிந்ததற்கு அம்மா அடிப்பாளே என்று அதைத்தான் நினைத்து அழுதேன்.

அம்மா அடிக்கவில்லை. பாயில் படுக்கவைத்துப் போர்த்தி, உனக்குக் காய்ச்சல் என்றாள். நானும் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டேன். எத்தனை சாட்சிகளைப் பொய்யர்கள் என்று மனதுக்குள் வைதிருக்கிறேன், ஆண்டவரே!

2 ஏப்ரல், வியாழன்

எட்வினிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு வெடித்தான்.

"யக்கா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அம்பத்தாறு வருஷம் கழிச்சு அப்பாவக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தப் போறியா? படம் திறக்குற நேரத்துல!"

"கேட்டிருக்கிறது அந்தப் பிள்ளையோட கூடப்பிறந்தவ."

"அவளுக்கும்தான் சொல்லுதேன். உடனே செத்துட்டான்னு நெனச்சு நிம்மதியா இருக்கா. அஞ்சு மணி நேரம் தண்ணிக்குத் தவிச்சான்னு சொல்லி அவளக் கொல்லப் போறியா? கடைசியா பதநீர் குடுத்தாங்கல்ல, அத மட்டும் எழுது."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தம்பி சொன்னது முழுக்க சுயநலம் இல்லை. எனக்கும் அது ஆசையாக இருந்தது. அப்பா மடி, இரண்டு மிடறு பதநீர், அவ்வளவு போதும். ஒன்றும் பொய் இல்லை. எல்லாம் நடந்ததுதான்.

10 ஏப்ரல், பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது தாகத்தைப் பற்றியது. ஒவ்வொரு வருஷமும் அந்த ஐந்தாம் வார்த்தைக்கு அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். வயதானவர், காலை நீட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைப்போம்.

இன்று நானும் எழுந்து வெளியே போனேன்.

11 ஏப்ரல், சனி

மூன்று தரம் எழுதினேன். முதல் கடிதத்தில் பதநீர் மட்டும். வாசித்துப் பார்த்தால் அவ்வளவு அழகாக இருந்தது. கிழித்தேன். பாதி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினால் ஜட்ஜ் என்னைத் தொலைத்திருப்பார். இரண்டாவதில் 'ஊர்மக்கள்' பயந்தார்கள், 'அதிகாரி' தடுத்தார் என்று பேரில்லாமல் ஒப்பேற்றியிருந்தேன். அதையும் கிழித்தேன்.

மூன்றாவதில் எல்லாம் இருக்கிறது. ஒன்பது மணி, இரண்டு மணி, றெக்கைப் பொட்டு, நோட்டீஸ், பனை மேல் இஸ்ரவேல். தடுத்தவர் பேர் ஞானாபரணம், அவர் என் தகப்பனார். அந்த ஒரு வரி பொய், அதை எழுதியவரும் அவரே. தண்ணீர் கொண்டுபோன பிள்ளை நான். அவர் சாகும்வரை ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று. கடைசியில் அதுவும் நடந்ததுதானே என்று எழுதினேன்.

13 ஏப்ரல், திங்கள்

கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். தபால்காரர் எடை போட்டுவிட்டு, "என்னம்மா இவ்வளவு கனம்?" என்றார்.

14 ஏப்ரல், செவ்வாய்

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டாம். பதினொரு மணிக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐந்து மணி நேரம் என்பது ரொம்ப நேரம்.

19 ஏப்ரல், ஞாயிறு

படத் திறப்பு நடந்தது. முந்தின நாளே போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "படத்த எடுக்கச் சொல்லுதீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் என் அப்பா. எட்வின் என் பக்கம் திரும்பவே இல்லை. தேக்குச் சட்டம் நன்றாக இருந்தது.

6 மே, புதன்

பதில் வந்துவிட்டது. பெரிய பெரிய எழுத்து, வரி கோணிக்கொண்டு போகிறது. கண் தெரியாமல் எழுதியது. ஒரு பக்கம்கூட இல்லை. அவசரத்தில் உறையைக் குறுக்காகக் கிழித்துவிட்டேன்.

கடிதத்தை மூன்று நாள் தொடர்ந்து வாசித்தாளாம். பிறகு ஒரு வாரம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தாளாம். மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. அம்மா நம்பாதது சரிதான் என்று ஒரு வரி. தலையை மடியில் வைத்திருந்தவர் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில்:

'அந்தப் பனை மரத்துப் பானம் இனிப்பாக இருக்குமா? எங்கள் டெனிஸுக்கு இனிப்பு என்றால் உயிர். என் பங்குச் சர்க்கரையையும் திருடித் தின்பான்.'

உட்கார்ந்து அழுதேன். அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

மத்தியானம் வெயிலோடு வெயிலாக இஸ்ரவேல் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அந்த வரியைச் சொன்னேன். கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இனிச்சுதுன்னு எழுதுங்கம்மா. அன்னைக்குப் பாளை சீவி மூணாம் நாளு. இனிப்புன்னா அப்படி இனிப்பு."

வந்ததும் எழுதிவிட்டேன். ஆமாம், ரொம்ப இனிப்பு என்று. ஞா-னா-ப-ர-ணம் என்று அசை பிரித்து இங்கிலீஷில் எழுதினேன்.

நடந்து வந்ததில் தொண்டை வறண்டு கிடந்தது. அடுக்களையில் அந்தச் செம்புதான் கைக்கு எட்டியது. அதில் மொண்டு குடித்தேன்.